காரணம் கண்டறியப்படவில்லை

தையல் கூடத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். கையைப் பார்த்து வைத்த பெயரில்லை, வாயைப் பார்த்து வைத்தது. யார் எத்தனை முறை கழிப்பறைக்குப் போகிறார்கள் என்று மேற்பார்வையாளர் நோட்டில் குறிக்க ஆரம்பித்தபோது, "வெளிய நின்னா சரியா எண்ண வராது சார், உள்ள வந்து எண்ணுங்க" என்று முப்பது பெண்கள் முன்னால் சொன்னவள். அன்றோடு அந்த நோட்டு காணாமல் போனது. குழந்தை பிறந்த பிறகு வாய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்று கணவன் கேலி செய்வான். "திட்டறதுக்கும் தெம்பு வேணும்ல. தூங்கி மூணு மாசமாச்சு" என்பாள்.

அந்தக் குழந்தை மூன்று மாதமும் பதினோரு நாளும் இருந்தது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு மகள் பால் குடித்தாள். தோளில் போட்டுத் தட்டியதும் விருந்து சாப்பிட்ட பெரிய மனுஷி மாதிரி ஒரு ஏப்பம் விட்டாள். கத்திரி சிரித்துக்கொண்டே அவளைக் குப்புறப் போட்டாள். குப்புறப் போட்டால்தான் குழந்தை திடுக்கிடாமல் தூங்கும் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். மூன்று பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தவள். தலைக்கு மெத்தென்ற தலையணை, இரண்டு பக்கமும் குட்டித் திண்டு, மேலே பஞ்சு வைத்த போர்வை. கூடத்தில் தைக்கும் குழந்தை செட் அது. தன் குழந்தைக்கென்று துணியில் முயல் படம் இருப்பதாகப் பார்த்து எடுத்து, கத்திரியே தைத்தது.

துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு அவள் திரும்பி வந்தபோது மணி பத்தே முக்கால். குழந்தை போட்டது போட்டபடி கிடந்தது. நல்லா தூங்குது என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த நினைப்பைத்தான் பிறகு அவளால் மன்னிக்கவே முடியவில்லை. காதோரம் தொட்டுப் பார்த்தபோது தொட்ட விரலுக்குத் தெரிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளே ஒருவர் இரண்டு விரலால் அந்தச் சின்ன மார்பை அழுத்திக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் இருபது நிமிடம் முயன்றுவிட்டு நிறுத்தினார்கள். பிறகு ஒரு போலீஸ்காரர் வந்து, வராந்தா பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்.

"பாப்பாவ எப்படிப் படுக்க வெச்சீங்க?"

"குப்புற."

"நீங்க பக்கத்துல படுத்திருந்தீங்களா? அசந்து மேல புரண்டிருப்பீங்களா?"

"நான் துணி துவைச்சுக்கிட்டிருந்தேன்."

"வீட்டுல ஏதாவது சண்டையா? கோவத்துல குழந்தைய வேகமா கீழ வெச்சிருப்பீங்களா?"

கத்திரி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "எனக்கு இப்பதான் கோவம் வருது" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். மாலையில் வீட்டுக்கு வந்து முயல் படம் போட்ட தலையணையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போனார்.

அடுத்த மூன்று வாரமும் வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. பால் மூச்சுக்குழாயில் போயிருக்கும் என்றாள் எதிர்வீட்டுக்காரி. தடுப்பூசி ஒத்துக்கொண்டிருக்காது என்றார் மாடிவீட்டுக்காரர். தாய் சத்தாகச் சாப்பிடவில்லை என்றார்கள், வேலைக்குத் திரும்பும் அவசரம் என்றார்கள். ஒருத்தி போகிறபோக்கில், "இவ்வளவு நேரமா துணி துவைச்ச?" என்று கேட்டாள். "ஆமா, உங்க வாயையும் சேர்த்துத் துவைச்சிருக்கணும்" என்று கத்திரி சொன்னதில் அன்றோடு அவள் வருவது நின்றது. நாத்தனார் மட்டும் தினமும் வந்து சமைத்துப்போட்டாள். அவளும் விடாமல் அதையே சொன்னாள். "பால்தான்டி. பால்தான் ஏறியிருக்கும்."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். யாரிடமும் அதிகம் பேசமாட்டான். அவனுக்குத் தெரிந்த வேதம் ஒன்றுதான்: எந்த மெஷினும் காரணம் இல்லாமல் நிற்காது. அதனால்தான் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்த அன்று அவன் அதை நான்கு முறை படித்தான். கடைசி வரியில் இறப்புக்கான காரணம் கண்டறியப்படவில்லை என்று இருந்தது.

"கண்டறியப்படலையா?" என்று கத்திரி அந்தக் காகிதத்தைப் பிடுங்கினாள். "அறுத்துப் பார்த்துட்டு இதையா எழுதியிருக்காங்க? கெளம்புங்க. இத எழுதினவங்க யாருன்னு நான் பார்க்கணும்."

பரிசோதனை செய்த டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் மூன்று ஃபைல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கத்திரி உட்காரவில்லை. காகிதத்தை மேசைமேல் போட்டாள்.

"காரணம் தெரியலைன்னு எழுதறதுக்கு எதுக்கு மேடம் டாக்டருக்குப் படிக்கணும்? அத நானே எழுதியிருப்பேனே."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். "உங்க பொண்ணப் பத்தி எனக்குத் தெரிஞ்சத முதல்ல சொல்லிடறேன். பால் ஏறல. மூச்சுக்குழாய் சுத்தமா இருந்தது. இதயம் நல்லா இருந்தது. கிருமி இல்ல. எங்கயும் அடி இல்ல, நசுங்கல் இல்ல. நல்லா பார்த்து வளர்த்த குழந்தை."

கடைசி வாக்கியத்தில் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கத்திரி விடவில்லை.

"அப்ப எப்படிச் செத்தா?"

"தெரியாது. தெரிஞ்சா மறைக்கமாட்டேன். சில குழந்தைங்களுக்கு மூளையில மூச்சையும் முழிப்பையும் கவனிச்சுக்கிற இடம் இன்னும் தேறியிருக்காது. வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. நமக்குத் தூக்கத்துல காத்து பத்தலைன்னா புரண்டு படுப்போம், முழிச்சுப்போம். அந்தக் குழந்தை முழிக்காது. ரெண்டு மாசத்துலேருந்து நாலு மாசம் வரைக்கும் இந்த ஆபத்து அதிகம். அந்த வயசுல, அப்படிப்பட்ட குழந்தைக்கு, வெளியிலேருந்து ஏதாவது ஒண்ணு சேர்ந்துட்டா..."

"மூணும் ஒரே நேரத்துல சேரணும்" என்றான் கணவன். அறைக்குள் வந்த பிறகு அவன் வாய் திறந்தது அப்போதுதான். "லிஃப்ட்ல அப்படித்தான். பிரேக் தேஞ்சா மட்டும் விழாது. சுவிட்ச் ஒட்டிக்கிட்டா மட்டும் விழாது. எல்லாம் ஒண்ணா கூடினாத்தான்."

"அப்படித்தான் நாங்களும் நினைக்கிறோம்" என்றார் டாக்டர்.

"வெளியிலேருந்துன்னா என்ன?" என்றாள் கத்திரி.

டாக்டர் சொன்னார். குப்புறப் படுப்பது. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலும் குழந்தை குப்புறக் கவிழ்ந்துவிடும். மெத்தென்ற தலையணை, திண்டு, பஞ்சுப் போர்வை. சோபாவில் பெரியவர்களோடு தூங்குவது. அதிகமாகப் போர்த்திச் சூடேற்றுவது. சிகரெட் புகை. அதைச் சொன்னபோது கணவனின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், பாதியில் நின்றது.

"அப்ப நாங்கதான் கொன்னோமா?"

"அப்படி நான் எழுதல. எழுதவும் முடியாது. குப்புறப் படுத்தே வளர்ந்தவங்க கோடிக்கணக்குல இருக்காங்க. மல்லாந்து, வெறும் மெத்தையில, எல்லாம் சரியா செஞ்சும் இப்படிப் போன குழந்தைங்களும் இருக்காங்க. உங்க பொண்ணுக்கு எது நடந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா குழந்தைய மல்லாத்திப் படுக்க வைங்கன்னு விடாம சொன்ன நாடுகள்ல இந்தச் சாவு பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு."

"இது எத்தனை வருஷமா தெரியும்?"

"முப்பது வருஷத்துக்கு மேல இருக்கும்."

கத்திரிக்கு அந்த எண் உள்ளே இறங்க ஒரு நொடி பிடித்தது. பிறகு அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு வயசு இருபத்தெட்டு மேடம்! நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச ஒரு விஷயத்தை என்கிட்ட சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலையா? பத்து மாசமும் ஆஸ்பத்திரிக்கு வந்தேனே! எடை பார்த்தீங்க, ரத்தம் எடுத்தீங்க, நகம் வெட்டறது எப்படின்னு சொல்லிக் குடுத்தீங்க. நகம்! தூங்க வைக்கிறது எப்படின்னு சொல்ல மறந்துட்டீங்களா? பிரசவ வார்டு சுவத்துல இவ்வளவு பெரிய படம் மாட்டியிருக்கீங்க. அதுலயும் ஒரு குழந்தை தலையணையில குப்புறத்தான் தூங்குது!"

டாக்டர் அவளை நேராகப் பார்த்துச் சொன்னார். "வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்லலைன்னா அது எங்க தப்பு. உங்க தப்பு இல்ல."

மூன்று வாரத்தில், எங்கள் தப்பு என்று சொன்ன முதல் ஆள். சாய்ந்து தள்ளிக்கொண்டிருந்த கதவை யாரோ உள்ளேயிருந்து திறந்துவிட்டது போல் கத்திரி தடுமாறி நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். டாக்டர் ஒரு காகிதத்தில் குழந்தையின் கழுத்தை வரைந்து காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டாள், முன்னமே கேட்கவேண்டியதை இப்போது கேட்பவளைப்போல.

பஸ்ஸில் திரும்பினார்கள். பாதி வழியில் கணவன், "நான் பால்கனியில நின்னுதானே சிகரெட் குடிச்சேன்" என்றான், யாரோ கேட்ட மாதிரி.

"குடிச்ச வாயோடதானே வந்து கொஞ்சினீங்க?"

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மூன்று நிறுத்தம் நடந்து வீட்டுக்கு வந்தான். வந்தபோது சட்டைப்பை காலியாக இருந்தது.

அதற்குள் வீட்டில் இன்னொன்று நடந்து முடிந்திருந்தது. கத்திரி கதவைத் திறந்ததும் நாத்தனார் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என்னடி சொன்னாங்க? பால்தானே?"

"பால் இல்ல அண்ணி. குப்புறப் போட்டிருக்கக் கூடாதாம்."

நாத்தனார் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீங்கதான் சொன்னீங்க" என்றாள் கத்திரி. யாரையாவது ஒருவரைக் கிழிக்கவேண்டும் என்று மூன்று வாரமாக உள்ளே தீட்டிக்கொண்டிருந்த வார்த்தை அது. நன்றாகவே கிழித்தது. "குப்புறப் போடு, மூணு பெத்தவ சொல்றேன்னு இதே இடத்துல நின்னு சொன்னீங்க."

நாத்தனார் கரண்டியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள், சண்டை போடுவாள் என்று கத்திரி எதிர்பார்த்தாள். அவள் மெதுவாகத்தான் பேசினாள். "போலீஸ்காரர் எப்படிப் படுக்க வெச்சீங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டப்பவே எனக்குத் திக்குன்னுச்சு. அதான் பாலு, பாலுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பாலா இருந்துடணும்னு. என் பசங்களும் அப்படித்தானேடி தூங்கினாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. உன் குழந்தையப் போய் நான்..."

கத்திரிக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. அந்தப் போலீஸ்காரர் தன்னிடம் செய்ததை, எதிர்வீட்டுக்காரி செய்ததை, தானும் இப்போது செய்துவிட்டது தெரிந்தது. டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வெட்டுகிற பாதியை.

மறு பாதியைச் சொல்ல அவளுக்கு இஷ்டமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அதனாலதான்னு சொல்ல முடியாதாம். மல்லாந்து படுத்த குழந்தையும் போயிருக்காம். யாருக்கும் தெரியாதாம். போதுமா? எழுந்திரிங்க. அடுப்புல தீயுது."

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. கத்திரிதான் போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து, கோபம் தணியாத முகத்தோடு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கணவன் வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். கூடத்தில் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். அவள் இடத்தில் வெட்டிய துணி அடுக்கியிருந்தது. அன்றைக்குத் தலையணை. ஓரத்தில், பை மேல் ஒட்டும் அட்டை கட்டுக்கட்டாக இருந்தது. குப்புறத் தூங்கும் குழந்தை, இருபுறமும் திண்டு, கீழே 'நிம்மதியான தூக்கம்'. ஐந்து வருடமாகப் பார்த்த அட்டைதான். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. எழுந்து நின்று, "உட்காரும்மா. இன்னும் ஒரு வாரம் வீட்டுல இருந்திருக்கலாமே" என்றார்.

"இந்தப் படத்தை எடுத்துடுங்க சார். தலையணையும் திண்டும் பச்சைக் குழந்தைக்கு ஆகாதாம். தைக்கிறத நிறுத்துங்க."

அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாகவே ஒன்று கேட்டார். "உன் வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு கேட்கிறேன். இதனாலதான் குழந்தை போச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்களா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் போதும். அந்த மனிதர் பயந்திருப்பார். அது அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"எழுதல" என்றாள். "தெரியாதுன்னு எழுதியிருக்காங்க. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆபத்தா இருக்கலாம்னு தெரிஞ்ச பொருளை எதுக்கு சார் ஒரு குழந்தை மூக்குப் பக்கத்துல வைக்கணும்? குழந்தைக்கு அது எதுக்கு? தலையணை கேட்டு அழுதுச்சா? பார்க்க அழகா இருக்குன்னு நாமதானே வைக்கிறோம்!"

"கடையில கேட்கிறாங்கம்மா. நான் தைக்கலைன்னா இன்னொருத்தர் தைப்பார். அதுவும் இல்லாம, இதே படத்தை நாம ஆஸ்பத்திரிக்கு அன்பளிப்பா குடுத்திருக்கோம். பிரசவ வார்டுலயே மாட்டியிருக்காங்க. தப்பா இருந்தா அவங்க மாட்டுவாங்களா?"

கத்திரி அட்டையை அவர் மேசைமேல் வைத்தாள். தன் மெஷினுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டாள். "நான் இனி தலையணை தைக்கமாட்டேன். திரைச்சீலை இருந்தா கூப்பிடுங்க" என்று கூடம் முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். பிறகு அவரும் யோசித்திருக்கவேண்டும். இரண்டு மாதம் கழித்து அட்டையில் படம் மாறியது, குழந்தை மல்லாந்து படுத்திருந்தது. திண்டுகள் இன்றும் விற்கின்றன.

அன்று கூடத்திலிருந்து அவள் நேராகப் போனது ஆஸ்பத்திரிக்கு. பிரசவ வார்டில் பார்வையாளர் நேரம். பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு தாய், சுற்றிலும் உறவுக்கூட்டம். அந்தப் படம் எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு இருந்தது. கத்திரி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, மேல் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். தையல்காரி கை, ஒரே கிழிசலாக நேராகக் கீழே வந்தது.

தலைமை நர்ஸ் ஓடி வந்தார். "ஏய், யாரும்மா நீ? இறங்கு கீழ! வாட்ச்மேன்!"

"இதே வார்டுல, அந்தக் கடைசிக் கட்டில்ல பிள்ளை பெத்தவ. இப்ப அந்தப் பிள்ளை இல்ல" என்றாள் கத்திரி. வார்டு அடங்கிவிட்டது. அவள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "என் பொண்ணு தூக்கத்துல போயிட்டா. எதனாலன்னு தெரியாது. இந்தப் படத்துல இருக்கிற மாதிரிதான் படுக்க வெச்சேன். அது ஆபத்துன்னு எனக்கு யாரும் சொல்லல. உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"இதெல்லாம் நாங்க சொல்றதுதான்" என்றார் நர்ஸ்.

மூன்றாவது கட்டிலிலிருந்து ஒரு சின்னப் பெண், குழந்தையை அணைத்தபடி, "எங்களுக்குச் சொல்லலையே சிஸ்டர்" என்றாள். நர்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் சொல்றேன், கேட்டுக்குங்க" என்று கத்திரி கத்தினாள். அவளுக்குக் கத்தாமல் பேச வரவில்லை. "மல்லாத்திப் படுக்க வைங்க. பகல்ல அரை மணி நேரம் தூங்கினாலும் மல்லாத்தித்தான். மெத்தை கெட்டியா, தட்டையா இருக்கணும். தலையணை வேண்டாம், திண்டு வேண்டாம், பொம்மை வேண்டாம். தலைய மூடாதீங்க. உங்க அறையிலேயே, கைக்கெட்டற தூரத்துல, தனிப் படுக்கையில போடுங்க. வீட்டுல எவனாவது சிகரெட் குடிச்சா வெளிய துரத்துங்க!"

"மல்லாத்திப் போட்டா, கக்கினது தொண்டையில அடைக்காதா?" என்று அந்தச் சின்னப் பெண் கேட்டாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். மல்லாந்து படுத்தா மூச்சுக்குழாய் மேல இருக்கும், உணவுக்குழாய் கீழ. கக்கினது மேல ஏறிப் போகாது, குழந்தை முழுங்கிடும். குப்புறப் போட்டாத்தான் தலைகீழ். முழிச்சிருக்கும்போது, நீ பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்கும்போது, எவ்வளவு வேணும்னாலும் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டு. தூங்கறதுக்கு மட்டும் மல்லாத்தி."

ஒரு கட்டிலில் யாரோ சத்தமில்லாமல் ஒரு குட்டித் தலையணையை உருவிக் கால்மாட்டுக்குத் தள்ளினார்கள். கத்திரி அதைப் பார்த்துவிட்டாள். அதற்குமேல் கத்த முடியவில்லை.

அந்நேரம் வாட்ச்மேன் வந்து சேர்ந்தார். மீசை நரைத்த, கனத்த ஆள். "இறங்கும்மா, போகலாம்" என்று அவள் முழங்கையைப் பிடித்தார். பிடித்ததில் முரட்டுத்தனம் இல்லை. நர்ஸ் கிழிந்த படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எடுத்துத் திரும்ப மாட்டவும் இல்லை, அவளைத் திட்டவும் இல்லை.

வராந்தாவில் வாட்ச்மேன் பத்தடி நடந்து நின்றுவிட்டார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"திண்டு கூடவா கூடாது?"

"கூடாதுன்னா கூடாது!" என்று அவள் சீறினாள். "எத்தனை தடவை சொல்றது?"

"கோவப்படாதம்மா. என் பொண்ணுக்குக் குழந்தை பொறந்து ஒரு மாசம் ஆகுது. அது ஒருக்களிச்சே தூங்குது. புரளாம இருக்கட்டும்னு நான்தான் ரெண்டு பக்கமும் திண்டு வாங்கிக் குடுத்தேன்." அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து எண்ணைத் தேடினார். "நான் சொன்னா கேட்கமாட்டா. உனக்கு என்ன தெரியும்பா, நீ சும்மா இருன்னுடுவா. நீ சொல்லு. உள்ள சொன்ன மாதிரி சொல்லு. ஆனா கொஞ்சம் மெதுவா சொல்லு."

மறுமுனையில் ஒரு பெண்குரல், அதன் பின்னால் ஒரு குழந்தையின் முனகல். கத்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அந்த முனகல் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹலோ? யாரு? அப்பா?"

"அப்பா இல்லம்மா" என்றாள். "நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்ல, போனை மட்டும் வெச்சுடாத. பாப்பா இப்ப எப்படிப் படுத்திருக்கா?"